ஒரு மாத இரவு ரோந்து

மார்ச் 2, திங்கள்

இந்த மாதம் முழுக்க எனக்கு இரவு ரோந்து. பணி பிரிக்கும்போதே எஸ்.ஐ. மேடத்திடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வழக்கமாக எங்கள் வண்டி பாயிண்ட் பாயிண்டாகப் போகும். அங்கிருக்கும் நோட்டில் கையெழுத்து, நேரம், உடனே அடுத்த பாயிண்ட். விடியும்போது எல்லா நோட்டிலும் எங்கள் கையெழுத்து இருக்கும். ஆனால் எந்தத் தெருவிலும் நாங்கள் இருந்திருக்க மாட்டோம். அதற்குப் பதிலாக, அதிகம் புகார் வரும் சில இடங்களில் மட்டும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கால் மணி நேரம் நடக்கலாம் என்றேன்.

"ஒரு மாசம் செஞ்சு பாருங்க ஏட்டய்யா. ஆனா வயர்லெஸ் மைக்ல கூப்பிட்டா முதல்ல அங்கதான்" என்றார். சரி என்றேன். ஸ்டேஷன் ரைட்டரோடு உட்கார்ந்து அழைப்புப் பதிவேட்டைப் புரட்டி இடங்களைக் குறித்தோம். பேருந்து நிலையத்தின் பின் சந்து, மருத்துவமனையின் பின்வாசல், ஷட்டர் கடைகள் உள்ள வீதி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு. மறுபடி மறுபடி இந்தப் பெயர்கள்தான் வந்தன.

மார்ச் 4, புதன்

கால் மணி நேரம் என்ன கணக்கு என்று வண்டி ஓட்டும் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

1972 அக்டோபர் தொடங்கி ஓராண்டு, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 15 பீட்களை, அதாவது ரோந்துப் பகுதிகளை, மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் ரோந்தே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வண்டி போகும். இன்னொன்றில் வழக்கம் போல. மூன்றாவதில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. ரோந்தே வீண் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சும்மா சுற்றுவதுதான் வீண்.

பின்னர் மினியாபொலிஸ் நகரில் அழைப்புகளை முகவரிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. அங்கு எடுத்த தரவுகளை வைத்துக் குற்றவியல் ஆய்வாளர் கிறிஸ்டோபர் கோப்பர் 1995-இல் எழுதியது இன்னும் பயனுள்ளது. போலீஸ் ஓரிடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால், கிளம்பிப் போன பிறகும் அங்கே அமைதி நீடிக்கிறது. அதற்கு மேல் நிற்பதில் பலன் குறைகிறது. நின்றுவிட்டு, முன்கூட்டி ஊகிக்க முடியாத வரிசையில் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

"அப்ப தினமும் ரூட்டை மாத்தணும்ணே" என்றார் தம்பி. பிடித்துக்கொண்டார்.

மார்ச் 7, சனி

இரவு ஒரு மணிக்கு மேல் மைக்கில் அழைப்பு: கணவன் மனைவி சண்டை, பக்கத்து வீட்டார் தகவல். இந்த மாதிரி அழைப்பில் நேராகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. முதலில் ஒரு நிமிடம் வெளியே நின்று கேட்க வேண்டும்: எத்தனை குரல், குழந்தை அழுகிறதா, ஏதாவது உடைகிறதா. கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தட்டினோம்.

உள்ளே போனதும் இருவரையும் பிரித்தோம். தம்பி கணவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நான் அந்த அம்மாவோடு கூடத்தில் நின்றேன். அடுப்படிப் பக்கம் மட்டும் யாரையும் விடுவதில்லை, கத்தி அங்கேதான் இருக்கும். நாங்கள் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி நின்றுகொண்டோம்.

அவர் முதலில் "ஒண்ணுமில்ல சார்" என்றார். கணவரின் சத்தம் கேட்காத இடத்துக்கு வந்த பிறகுதான் கையைக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி விரல் பதிந்த தடம். பெண் காவலரை வரவழைத்து, மருத்துவமனைக்கு அனுப்பி, புகாரைப் பதிந்து முடிக்கும்போது நான்கு மணியாகிவிட்டது. "குடும்ப விஷயம், பேசி அனுப்பிடலாம்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அது போக வேண்டும்.

மார்ச் 11, புதன்

குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்திருக்கிறார்கள். வழக்கு விசாரணை குற்றப் பிரிவின் வேலை. ரோந்துக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு வீட்டில் திருடியவன் அதே வீட்டுக்கோ அக்கம்பக்கத்துக்கோ மறுபடி வருவது பல நாடுகளிலும் ஆய்ந்து கண்ட விஷயம். முதல் இரண்டு வாரங்கள்தான் ஆபத்து அதிகம், இருநூறு மீட்டர் சுற்றளவில். வழி தெரியும், பூட்டு தெரியும், நாய் இல்லை என்பதும் தெரியும்.

அதனால் அந்த வரிசை முழுவதும் கதவு கதவாகப் போய்ப் பின்கதவுகளைப் பார்த்தோம். பெரும்பாலான வீடுகளில் முன்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள், பின்னால் ஒற்றைக் கொக்கி. ஒரு பெரியவர் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். கொக்கியின் திருகு பாதி வெளியே வந்திருந்தது, விரலாலேயே சுழன்றது. காலையில் மாற்றிவிடுவதாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு இந்த வரிசையை இரவில் இருமுறை நடப்பது என்று முடிவு.

மார்ச் 16, திங்கள்

மருத்துவமனைப் பின்வாசல். இரவுப் பணி முடிந்து விடுதிக்கு நடந்து போகும் ஒரு செவிலியர் வந்து, "தினமும் இதே நேரத்துக்கு நிப்பீங்களா சார்?" என்று கேட்டார். என்ன சொல்வது? தினமும் ஒரே நேரத்தில் நின்றால் அவருக்கு மட்டுமல்ல, அங்கே காத்திருப்பவனுக்கும் அது தெரிந்துவிடும்.

எங்கே பயமாக இருக்கிறது என்று கேட்டு அவரோடு விடுதிவரை நடந்தேன். மதில் திரும்பும் இடத்தில் இரண்டு கம்பங்களிலும் விளக்கு எரியவில்லை. ஒரு மரக்கிளை வேறு தாழ்ந்து கிடக்கிறது, அதன் கீழ் ஆள் நின்றால் நாலடி தூரத்தில்கூடத் தெரியாது. 1979-இல் காவல் பணியை ஆய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் எழுதியது இதைத்தான்: ஒவ்வொரு சம்பவமாக ஓடாதே, சம்பவங்களுக்குப் பின்னால் இருக்கும் பிரச்சினையைத் தீர். விளக்குக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குக் கம்ப எண்களோடு மனு எழுதினேன், மேடம் கையெழுத்தோடு.

மார்ச் 19, வியாழன்

விடிய விடிய மழை. ஒன்றும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

அதிகாலை மூன்றரைக்கு ஷட்டர் வீதியில் ஒரு முதியவர். வேட்டி, செருப்பில்லாத கால், கையில் மடித்த குடை. எஞ்சினை அணைத்து, டார்ச்சைத் தரைக்குத் திருப்பி, பக்கத்தில் போய் நடந்தோம். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றார். "ராத்திரி ஆச்சுய்யா, ஆபீஸ் ஏது" என்று மறுத்தால் இப்படி நினைவு தப்பியவர்கள் மிரண்டு ஓடுவார்கள். "எந்த ஆபீஸுங்கய்யா? நாங்களும் அந்தப் பக்கம்தான்" என்றேன். பழைய வேலையைப் பற்றி ஆசையாகப் பேச ஆரம்பித்தார். பேச்சோடு பேச்சாக வண்டியில் ஏறிக்கொண்டார்.

குடைக் கைப்பிடியில் மருத்துவ டேப் ஒட்டி அதில் ஒரு போன் எண் எழுதியிருந்தது. மகள் ஓடி வந்தார். அப்பா தொலைந்ததே அவருக்குத் தெரியாது. குடையில் எண் எழுத அவருக்குத் தோன்றியதே, வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் அத்தனை பேரும் இதைச் செய்ய வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

மதிலோரம் இரண்டு விளக்கும் எரிகிறது. கிளையையும் வெட்டிவிட்டார்கள்.

பக்கத்து பீட் நண்பர் விடவில்லை: "நடந்தா திருட்டு குறைஞ்சிடுமா?" 1970-களின் கடைசியில் நியூவார்க்கில் நடந்து ரோந்து போனபோது குற்றம் குறையவில்லை, மக்களின் பயம் குறைந்தது. 2009-இல் ஃபிலடெல்ஃபியாவில் வன்முறை மிகுந்த 60 இடங்களைத் தேர்ந்து நடந்தபோது வன்முறைக் குற்றமே 23 சதவீதம் குறைந்தது. எங்கே நடக்கிறோம் என்பதுதான் விஷயம் என்றேன். என் பேச்சில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

மாத அறிக்கை. கைது, வழக்கு, வாகனச் சோதனை என்றுதான் கட்டங்கள். பின்கதவுக் கொக்கிக்கும் விளக்குக்கும் இடமில்லை, ஆகவே குறிப்புப் பகுதியில் நெருக்கி எழுதினேன். அந்த வரிசையில் மறுபடி திருட்டு நடக்கவில்லை என்பதையும் எழுதினேன். நாங்கள் நடந்ததால்தான் என்று எழுதவில்லை, ஒரு மாதத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

மேடம் படித்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் தொடரச் சொன்னார். இடங்களின் பட்டியலை அடுத்த இரவு வண்டி ஏட்டிடம் கொடுத்துவிட்டேன். மருத்துவமனைப் பின்வாசலை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதையைச் சேர்த்திருக்கிறோம். போன வாரத்திலிருந்து அங்கே செல்போன் பறிப்புப் புகார் வருகிறது.