முட்டை சிக்கிய பறவை: மருத்துவரிடம் சேரும்வரை

கூண்டின் தரையில், ஒரு மூலையில், இறகை உப்பிக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறது. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நடுநடுவே முக்குகிறது, எதுவும் வரவில்லை. குச்சியில் ஏற்றிவிட்டால் பிடி நிற்காமல் மறுபடி கீழே வந்துவிடுகிறது. பெண் பறவை இப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முட்டை அடைப்பைத்தான். பட்ஜி, காக்டெயில், லவ்பேர்ட், ஃபிஞ்ச், கனேரி போன்ற சின்ன உடம்புக்காரிகளுக்கே இது அதிகம் வருகிறது. ஜோடி இல்லையே என்று தள்ளிவிட வேண்டாம். துணை இல்லாமலே இவை கருவில்லாத முட்டை இடும். ஆண் என்று நம்பி வளர்த்த பறவை முட்டை போடுவதும் சகஜம்தான்.

வீட்டில் இருப்பவரின் வேலை அந்த முட்டையை வெளியே எடுப்பதல்ல. பறவையை உயிரோடு மருத்துவர் மேசைவரை கொண்டுசேர்ப்பது மட்டுமே. இது மனதில் நின்றால் பாதித் தவறுகள் நடக்காது.

எது இயல்பு, எது இல்லை என்பதை முதலில் பார்ப்போம். ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளிவர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் பெரும்பகுதி நேரம் ஓடு படிவதற்கே போகிறது. பட்ஜியும் காக்டெயிலும் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு நாள் இடும். முட்டை வரும் நாளில் அடிவயிறு புடைத்திருக்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும், எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாக, தண்ணியாக, நாற்றத்தோடு விழும். பறவை சுறுசுறுப்பாக இருக்கும்வரை இதெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. முக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியும் முட்டை வரவில்லை, அல்லது அதற்கு முன்பே சோர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால்தான் பிரச்சினை. எச்சமே விழாமல் நிற்பதும் மோசமான அறிகுறி. முட்டை பாதையை அடைத்திருக்கலாம்.

உடனே பறவைகளைப் பார்க்கும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. பறவை பார்ப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கால் இழுத்துக்கொண்டாலோ, பாதம் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ, பின்பக்கம் ரத்தமோ சிவந்த சதையோ தெரிந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. முட்டை நேராகக் காற்றுப்பைகளை அழுத்தும், அதனால் மூச்சு திணறும். இடுப்பில் காலுக்குப் போகும் நரம்பு நசுங்கும், அதனால் கால் செயலிழக்கும். முப்பத்தைந்து கிராம் பட்ஜிக்குள் இரண்டு கிராம் முட்டை தங்கி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மருத்துவர் நேரம் தரும்வரை, அல்லது வண்டி வரும்வரை, செய்ய வேண்டியதில் முதல் இடம் சூட்டுக்குத்தான். பறவையின் உடல் வெப்பம் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நோயுற்ற சின்னப் பறவை அந்தச் சூட்டைக் காப்பாற்றவே இருக்கிற தெம்பையெல்லாம் செலவழித்துவிடும். முட்டையைத் தள்ளுவதற்கு மிச்சம் இருக்காது. காலணிப் பெட்டி அளவுள்ள அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ எடுங்கள். காற்றுக்குத் துளை இருக்கட்டும். அடியில் நூல் பிரியாத துணி விரியுங்கள், பூத்துவாலை என்றால் நகம் மாட்டிக்கொள்ளும். குச்சி வேண்டாம். பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில், வெளிப்புறமாக, மின்சார ஒத்தடப் பட்டையைக் குறைந்த சூட்டில் வையுங்கள். மறுபாதியைச் சூடில்லாமல் விடுங்கள். தாங்க முடியாவிட்டால் பறவை நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே. உள்ளே, பறவை உட்காரும் உயரத்தில் ஒரு வெப்பமானி. அது 29 முதல் 32 டிகிரி காட்ட வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் சூடு நம்பத்தக்கதல்ல.

பட்டை இல்லாவிட்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைக்கலாம். இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த பாட்டில் ஆறிப்போகும். ஆறிய பாட்டில் சூடு தராததோடு நிற்காது, பறவையின் சூட்டையும் உறிஞ்சும். அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறிப்போனாலும் பறவையே சொல்லிவிடும்: இறகு உடம்போடு ஒட்டி, சிறகை விலக்கிப் பிடித்து, வாய் திறந்து இளைக்கும். உப்பியபடியே இருந்தால் இன்னும் குளிர்கிறது என்று பொருள். இளைப்பும் மூச்சுத்திணறலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் வெப்பமானியை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஈரப்பதம். துளையிட்ட மூடியுள்ள சிறு டப்பாவில் வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்தால் போதும். 60, 70 சதவீதம் வரை வந்தால் நல்லது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிரம்பியபின் பெட்டியோடு அங்கே கொண்டுபோவதும் பலனளிக்கும். கொதிக்கும் பாத்திரத்தை அருகில் வைக்கக் கூடாது. நான்ஸ்டிக் பூச்சுள்ள ஹீட்டரை அந்த அறையில் ஓடவிடவே வேண்டாம். பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பெட்டியின் மேல் துணி போட்டு இருட்டாக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பாசம் இங்கே கெடுதல்தான்.

கால்சியம் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஓடு கட்டுவதற்கு மட்டுமல்ல, முட்டைக்குழாயின் தசை சுருங்கித் தள்ளுவதற்கும் கால்சியம் வேண்டும். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்று வளர்ந்த பறவையிடம் அந்த இருப்பு குறைவு. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வெயில் காய்ந்தால் டி3 வைட்டமின் உருவாகாது. அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டி3 இல்லாமல் தின்ற கால்சியமும் உடம்பில் ஒட்டாது. பறவை நிமிர்ந்து நிற்கிறது, தானாக விழுங்குகிறது என்றால், பறவைகளுக்கென்றே தயாரித்த திரவக் கால்சியத்தை மருத்துவரைப் போனில் கேட்டு, எடைக்குத் தக்க அளவு கொடுக்கலாம். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசில் பாருங்கள். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கியபின் அடுத்தது. தலை தொங்கும் பறவையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். மனிதர் மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பது அளவு தெரியாத சூதாட்டம். கால்சியத்துக்காகக் கூண்டில் மாட்டும் கணவாய் ஓடு அடுத்த முட்டைக்கு உதவும், இன்று சிக்கியதற்கு உதவாது.

எண்ணெய்க்கு வருவோம். பின்பக்கம் எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். முட்டைக்குழாய் தனியாக வந்து, எச்சமும் முட்டையும் வெளியேறும் பொதுவழியான கழிவாய்க்குள் ஒரு இறுகிய வாயில் திறக்கிறது. வெளியே விட்ட எண்ணெய் அதைத் தாண்டி முட்டையைத் தொடுவதில்லை. இறகில் ஒட்டி, அதன் கதகதப்பைத்தான் கெடுக்கிறது. நாம் பாடுபட்டு ஏற்றிய சூடு அதோடு போகிறது.

வயிற்றை அமுக்குவது அதைவிட ஆபத்து. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டின் விளிம்பு குழாயைக் கிழிக்கும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்தினால் அழற்சி வரும். உடையாவிட்டாலும் குழாயே உள்வெளியாகப் புரண்டு வந்துவிடலாம். முட்டை தெரிகிறதே என்று ஊசியால் குத்துவதும் வேண்டாம். முட்டை இருக்கிறதா என்று வயிற்றைத் தடவிப் பார்ப்பதையும் மருத்துவருக்கு விட்டுவிடுங்கள். ஓடு சரியாகப் படியாத முட்டை எப்படியும் விரலுக்குத் தட்டுப்படாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்கும் முறையைச் சிலர் விடாமல் பரிந்துரைக்கிறார்கள். தெளிவாக நிற்கும் பறவைக்கு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தண்ணீரில், ஐந்து நிமிடம் என்றால் பாதகமில்லை. ஆனால் நனைந்த வயிறு காய்வதற்குள் குளிர்ந்துவிடும், பிடித்து இறக்கும்போது பறவை மிரளும். ஆவியே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய துணியால் மூடி, நிமிர்ந்த நிலையில் எடுங்கள். நெஞ்சைச் சுற்றி இறுக்காதீர்கள். நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு.

சிவந்த சதை வெளியே வந்திருந்தால் அதைக் காயவிடக் கூடாது. 0.9 சதவீத உப்புக்கரைசலை வெதுவெதுப்பாக்கி, அதில் நனைத்த சுத்தமான துணியால் மூடி ஈரமாகவே வைத்திருங்கள். உள்ளே தள்ள முயல வேண்டாம். பறவை அதைக் கொத்துகிறதா என்று கண் வையுங்கள்.

பயணத்துக்கும் அதே பெட்டிதான். வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள், ஏசி வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் கொட்டி நனைக்கும் என்பதால் வெளியே எடுத்துவிடுங்கள். கடைசி முட்டை எப்போது, இந்தச் சுற்றில் எத்தனை, எப்போதிலிருந்து முக்குகிறது, கடைசி எச்சம் எப்போது, என்ன தீனி, என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவசரத்தில் வாய்க்கு வராது. விழுந்த எச்சம், ஓட்டுத் துண்டு இருந்தால் அதையும்.

வழியில் முட்டை வந்துவிட்டாலும் திரும்பிவிடாதீர்கள். இன்னொன்று பின்னால் இருக்கலாம், குழாய் கிழிந்திருக்கலாம். கட்டியோ வயிற்றில் நீரோ இருந்தாலும் இதே அறிகுறிகள்தான். அங்கே எக்ஸ்ரே எடுத்து, திரவமும் கால்சியம் ஊசியும் போட்டு, தேவைப்பட்டால் தசை சுருங்க மருந்து கொடுப்பார்கள். அதற்கும் வராவிட்டால் முட்டைக்குள் இருப்பதை ஊசியால் உறிஞ்சி, ஓடு உள்ளே அமுங்கிச் சுருங்கும்படி செய்வார்கள். ஓட்டுத் துணுக்குகள் அடுத்த சில நாட்களில் தானாக விழக்கூடும். நாம் குத்தக் கூடாது என்று சொன்ன அதே ஊசிதான், ஆனால் மயக்க மருந்தும் பழகிய கையும் அங்கே இருக்கின்றன.

வீடு திரும்பியதும் கூட்டுப்பெட்டி, இருட்டு மூலை, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரமாகக் குறையுங்கள். முதுகைத் தடவுவதை நிறுத்துங்கள், அதைப் பறவை ஜோடியின் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இட்ட முட்டைகள் கூண்டில் இருந்தால் அப்படியே விடுங்கள். எடுத்துவிட்டால் எண்ணிக்கையை நிரப்ப அது மறுபடி இடத் தொடங்கும். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்து, சலித்து, தானே எழுந்துபோகட்டும்.