திரையைப் பார்த்து விமானத்தைத் திருப்பக் கூடாது

விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலிகள் வந்ததிலிருந்து எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அடிக்கடி வரும். இரண்டு மஞ்சள் விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், கீழே "இது இடிச்சிக்கப் போகுதா?" என்று ஒரு கேள்வி இருக்கும். இடிக்காது. ஒன்று 35,000 அடியில் போகும், இன்னொன்று 36,000 அடியில் போகும், நடுவில் இருக்கிற 1,000 அடி மேலிருந்து பார்க்கும் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும். காக்பிட்டில் இருப்பவருக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு படம் தெரிகிறதே, அதை வைத்து அவர் என்ன செய்வார்? இடப்பக்கம் ஒன்று வருகிறது என்றால் வலப்பக்கம் ஒதுங்குவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைத்தான் செய்யாதே என்று விமானிக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

காரணம், அந்தப் படம் உருவாகிற விதம். விமானங்கள் மோதாமல் எச்சரிக்க, டிகாஸ் என்று விமானிகள் சொல்லும் ஒரு கருவி இருக்கிறது, அந்தப் படம் அதிலிருந்துதான் வருகிறது. அது ரேடார் அல்ல. 1030 மெகாஹெர்ட்ஸில் சுற்றியுள்ள விமானங்களைக் கேள்வி கேட்கும், அவற்றில் உள்ள டிரான்ஸ்பாண்டர்கள் 1090ல் பதில் சொல்லும். பதில் வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவதால் தூரம் நன்றாகவே கிடைத்துவிடும். உயரத்தை அந்த விமானமே பதிலோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறது, அதுவும் நம்பகமானது. எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டும் நம் விமானத்தின் ஆன்டெனாவே ஊகிக்க வேண்டும், அதில் சில டிகிரி பிசகும். போதாக்குறைக்கு, திரையின் நடுவில் இருக்கிற நம் விமானமும் ஓடிக்கொண்டே இருப்பதால், அந்தப் புள்ளி திரையில் நகர்கிற திசையும் அந்த விமானம் உண்மையில் போகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த லட்சணத்தில் அதைப் பார்த்து வலமா இடமா என்று முடிவெடுத்தால், போகாத இடத்துக்குப் போய் நிற்க நேரிடலாம். அதனால்தான் டிகாஸ் ஒருபோதும் 'திரும்பு' என்று சொல்லாது. ஏறு, இறங்கு, இப்படியே போ, இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

திரையில் சாதாரண விமானம் உள்ளே வெற்றாக ஒரு வைர வடிவம். 6 கடல் மைலுக்குள், 1,200 அடி உயர வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால் அந்த வைரம் நிரம்பிவிடும். பக்கத்தில் +05 என்று இருந்தால் நமக்கு 500 அடி மேலே என்று அர்த்தம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு ஒரு சின்ன அம்புக்குறி. மஞ்சள் வட்டமாக மாறி "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரல் வந்தால் வெளியே தேடு, தயாராக இரு என்று பொருள். சிவப்புச் சதுரமாகிவிட்டால் அது ஆணை, விமானிகள் ஆர்.ஏ. என்பார்கள்.

மஞ்சளும் சிவப்பும் வருவது தூரத்தை மட்டும் வைத்து இல்லை, பெரும்பாலும் நேரத்தை வைத்து. 1950களில் பெண்டிக்ஸ் நிறுவனத்தில் இருந்த மாரெல் என்பவர் போட்ட கணக்கு இது: இடைவெளியை அது குறைகிற வேகத்தால் வகுத்தால், மோத இன்னும் எத்தனை நொடி என்பது கிடைத்துவிடும். நேருக்கு நேர் வரும் இரண்டு ஜெட்கள் நொடிக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நெருங்கும். 25 நொடி என்றால் 12 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் எதிரே வரும் விமானம் கண்ணாடியில் ஒரு தூசி மாதிரிதான் தெரியும். அதே 12 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போகும் இரண்டு விமானங்களுக்கு ஒரு பயமும் இல்லை. நேரத்தை அளவுகோலாக எடுத்ததை நான் இந்தக் கருவியின் ஆகச் சிறந்த யோசனை என்பேன்.

ஆர்.ஏ. வந்தால் இரண்டு விமானங்களின் டிகாஸும் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை ஏறச் சொன்னால் மற்றதை இறங்கச் சொல்லும். விமானி 5 நொடிக்குள் ஆரம்பிக்க வேண்டும், வழக்கமாக ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் செய்வார் (ஏ380 போன்ற சில ஏர்பஸ்களில் ஆட்டோபைலட்டே செய்துவிடும்). அப்போது பார்க்க வேண்டியது அந்தச் சிவப்புச் சதுரத்தைக்கூட இல்லை. ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் அளவியில் பச்சைப் பட்டை ஒன்று வரும், முள்ளை அதில் கொண்டுபோய் வைத்தால் போதும்.

இருவரில் ஒருவர் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலை 1 இரவு இருக்கிறது. ஜெர்மனியின் தெற்கு எல்லையில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன டுபொலேவ் 154 விமானமும் பெர்காமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன டிஎச்எல் சரக்கு போயிங் 757ம் ஒரே உயரத்தில், 36,000 அடியில், குறுக்கே வந்தன. அந்த வானத்தைக் கவனித்தது சூரிக் கட்டுப்பாட்டு மையம். அங்கே அந்த நேரத்தில் ஒரே ஒரு கண்ட்ரோலர் இரண்டு இருக்கைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், பராமரிப்பு வேலைக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் டுபொலேவை இறங்கச் சொன்னார். ஏழு நொடி கழித்து டுபொலேவின் டிகாஸ் ஏறச் சொன்னது, போயிங்கின் டிகாஸ் இறங்கச் சொன்னது. போயிங் இறங்கியது. டுபொலேவின் துணை விமானி, கருவி ஏறச் சொல்கிறதே என்று வாய்விட்டே சொன்னார். ஆனால் தரையிலிருந்து மனிதக் குரல் இறங்கு என்கிறது, அவர்களும் இறங்கினார்கள். இடையில் கண்ட்ரோலர், மற்ற விமானம் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டார், உண்மையில் அது இடப்பக்கம் இருந்தது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ரஷ்யாவின் ஊஃபா நகரத்துப் பள்ளிக் குழந்தைகள்.

கோபம் வருவது எங்கே என்றால், இது முதல் தடவை இல்லை. 17 மாதங்களுக்கு முன், 2001 ஜனவரி 31ல் ஜப்பானில் இதே கதை நடந்திருந்தது. பயிற்சிக் கண்ட்ரோலர் ஒருவர் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களின் எண்களைக் குழப்பிக்கொள்ள, டிகாஸ் ஏறச் சொன்ன ஜம்போ அவர் சொன்னபடி இறங்கியது, மற்றதும் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. வெளிச்சம் இருந்தது, கண்ணால் பார்த்து விலகினார்கள். சுமார் 100 பேருக்குக் காயம், உயிர் போகவில்லை. போயிருந்தால் 677 பேர். அப்போதே விதியைத் திருத்தியிருக்கலாம், யூபர்லிங்கன் வரை காத்திருந்தார்கள். இப்போது சந்தேகமே இல்லை: ஆர்.ஏ. வந்தால் கண்ட்ரோலர் என்ன சொன்னாலும் கருவியைக் கேள், விமானி "டிகாஸ் ஆர்.ஏ." என்று சொல்லிவிட்டால் கண்ட்ரோலர் அந்த விமானத்தின் போக்கில் தலையிடக் கூடாது.

நம் நாட்டில் இந்தக் கருவி கட்டாயமானதற்குக் காரணம் 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி ஜம்போ 14,000 அடி வரை ஏறலாம், இறங்கி வந்த கசகஸ்தான் இல்யூஷின் 15,000ல் நிற்க வேண்டும். இல்யூஷின் நிற்கவில்லை. அன்று வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம், டெல்லியின் ரேடாரில் உயரம் தெரியாது, விமானி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது, அதன் பிறகு இந்தியாவுக்கு வந்து போகும் விமானங்களில் டிகாஸ் இருந்தே ஆக வேண்டும் என்று ஆனது.

டிகாஸ் இருந்துவிட்டால் எல்லாம் சரியா என்றால், இல்லை. பதில் சொல்ல எதிராளியின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்ய வேண்டும். 2006ல் பிரேசிலில் லெகசி என்ற சிறிய ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் ஒலிபரப்பாமல் இருக்க, எதிரே வந்த கோல் நிறுவன போயிங்கின் திரையில் எதுவும் தெரியவில்லை, இரண்டும் மோதி 154 பேர் இறந்தார்கள். அப்புறம், தரைக்கு 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் ஆர்.ஏ. வராது, தரையை ஒட்டி இறங்கு என்று சொல்வது அதைவிட ஆபத்து என்பதால். 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதிய பயணிகள் ஜெட்டில் சுமார் 20 நொடிக்கு முன்பே "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரல் வந்தது. ஆர்.ஏ. வரவில்லை. மோதியது 300 அடி உயரத்தில், ஓடுபாதை நெருங்கிவிட்ட நேரம், இரவு, சுற்றிலும் ஊர் விளக்குகள். 67 பேர். விமானங்கள் தங்கள் ஜிபிஎஸ் இடத்தைத் தாங்களே அறிவித்துக்கொண்டே இருக்கும் ஏடிஎஸ்-பி முறையில் திசைப் பிசகு கிடையாது, ஆனால் அமெரிக்காவில் 2020லிருந்து கட்டாயமாக்கியது அறிவிப்பதை மட்டும்தான், மற்றவர்கள் அறிவிப்பதைக் காக்பிட்டில் வாங்கிக் காட்டும் பெட்டியை இல்லை. அந்த ஜெட்டில் அது இல்லை.