வடக்கு நமீபியாவில் தன்னார்வ ஆசிரியராக: முதல் பருவத்தில் கற்றுக்கொண்டவை

நமீபியாவின் வடக்கில், ஒண்டாங்வா நகரிலிருந்து மணற்பாதையில் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் ஓராண்டு கணிதம் கற்பித்துத் திரும்பியவன் நான். அங்கே செல்ல எண்ணுவோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். விசா, தடுப்பூசி போன்றவற்றை அனுப்பிவைக்கும் அமைப்பே விளக்கிவிடும். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடுகிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நம் ஊர் ஜூன் மாதக் கணக்கில் கிளம்பினால், ஆண்டின் நடுவில் போய் இறங்கி, பாதிப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு திணற நேரிடும்.

முதல் வாரத்தில் என்னைத் தடுமாற வைத்தது பாடமன்று, வணக்கம் சொல்லும் முறை. பள்ளி அலுவலகத்துக்குள் விரைந்து சென்று, 'சுண்ணக்கட்டி வேண்டும்' என்று கேட்டேன். அங்கிருந்த அம்மையார் பதிலே சொல்லாமல் என்னைப் பார்த்தபடி இருந்தார். 'வா லாலா போ, மேமே?' (இரவு நன்றாக உறங்கினீர்களா, அம்மா?) என்று கேட்டு, அவர் 'ஏ' என்று இழுத்துச் சொல்லி, பிறகு அதையே நம்மிடம் கேட்டு, நாமும் 'ஏ' என்று சொன்ன பிறகுதான் வந்த காரியத்தை எடுக்க வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் பின்னர் விளக்கினார். பெண்களுக்கு மேமே, ஆண்களுக்கு டாட்டே. பெயரைச் சொல்லி அழைப்பதைவிட இவையே மரியாதை. ஒண்டாங்வா பக்கம் ஒஷிண்டோங்கா பேசுகிறார்கள். அங்கோலா எல்லையை நெருங்க நெருங்க ஒஷிக்வான்யாமா. இரண்டும் நெருங்கிய மொழிகளே என்றாலும் எழுத்து வடிவம் தனித்தனி என்பதால், போகவிருக்கும் ஊரில் எது வழங்குகிறது என்று கேட்டறிந்து, பத்து வாக்கியங்களையாவது முன்கூட்டிப் பழகுங்கள். அவர்களுடைய ஆங்கிலத்தையும் சற்றுப் பழக வேண்டியிருக்கும். 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்கள். நம் 'வருகிறேன்' என்பதும் இதே கதைதானே என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

வகுப்பறைக்கு வருகிறேன். 1990இல் விடுதலை பெற்றபோது நமீபியா ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாக ஏற்றது. முதல் மூன்று வகுப்புகள் வரை தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் நாற்பது குரல்கள் ஒன்றாக 'எஸ், சார்' என்னும். அதை நம்பக் கூடாது. தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தபோது நானும் அப்படித்தான் தலையசைத்தேன். ஒருநாள் 1,200 டாலர் விலையுள்ள ஓர் ஆட்டின் விலை 300 டாலர் குறைந்தது என்று ஒரு கணக்கும், 300 டாலராகக் குறைந்தது என்று இன்னொரு கணக்கும் ஆங்கிலத்தில் கொடுத்தேன். இப்போதைய விலை என்ன என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு இரண்டிலும் 900 என்றே எழுதியிருந்தது. கழித்தல் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 'பை' (by), 'டு' (to) என்ற இரு சிறு சொற்கள்தாம் இடறின. அதன் பிறகு பழைய வினாத்தாள்களை எடுத்து, கணக்கைப் போடுவதற்கு முன் வினாவை ஒருவர் ஒஷிண்டோங்காவில் மற்றவருக்குச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று வைத்தேன். 11ஆம் வகுப்பின் முடிவில் நாடு தழுவிய பொதுத்தேர்வு இருப்பதால், இந்தப் பயிற்சியை முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது. மூன்றாம் பருவத்தில் தொடங்கினால் நேரம் போதாது.

என் பக்கத்துப் பிழைகளும் உண்டு. பழக்க தோஷத்தால் கரும்பலகையில் 1,00,000 என்று எழுதினேன். காற்புள்ளி ஏன் அங்கே நிற்கிறது என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். அதைவிடப் பெரிய குழப்பம் என் தலையாட்டல். சரியான விடையைப் பார்த்து நான் பக்கவாட்டில் தலையாட்ட, பையன் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவான். வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லப் பழகுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பிரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று நமீபிய உச்ச நீதிமன்றம் 1991இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2001ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அதைத் தடை செய்தது. ஆயினும் 'உங்களால் முடியாவிட்டால் அவனை என்னிடம் அனுப்புங்கள்' என்று யாரேனும் அன்போடு சொல்லக்கூடும். நான் அனுப்பவில்லை, வந்த புதிதில் அவருக்கு உபதேசமும் செய்யவில்லை. அது சரிதானா என்ற ஐயம் எனக்கு இன்றும் இருக்கிறது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்கள் மஹாங்கு என்பது நம் கம்புதான். அதைக் கிளறிச் செய்யும் ஒஷிஃபிமாவை, கை கழுவிவிட்டு, பொதுத் தட்டிலிருந்து வலக்கையால் பிட்டு உருட்டிக் குழம்பில் தோய்த்து உண்கிறார்கள். எனக்கு அது பாட்டி வீட்டுக் கம்பங்களியாகவே இருந்தது. கம்பு மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஒஷிகுந்து நம் கூழுக்கு நெருங்கிய உறவு. சைவ உணவினர் சற்றுத் திண்டாடத்தான் வேண்டும். கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கும் இருக்கிறார்கள். புளியும் ரசப்பொடியும் எடுத்துச் செல்லுங்கள். அரிசி வேண்டாம், நான் சுமந்து சென்ற 5 கிலோ வீண் சுமையாயிற்று, ஒண்டாங்வா கடைகளிலேயே அது கிடைக்கிறது.