சிறுவிடைக்கு ஐப்பசி ஆகாது

சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி இனத்தில், ஒரே தாய்க்கோழிதான் என்றாலும் தையில் பொரிக்கிற குஞ்சும் ஐப்பசியில் பொரிக்கிற குஞ்சும் ஒன்றாகத் தேறாது. தையில் தரை காய்ந்திருக்கும். சம்பா அறுப்பு நடக்கிற நேரம், களத்திலும் வரப்பிலும் நெல் சிந்திக் கிடக்கும், வைக்கோல் போரடியில் பூச்சி கிடைக்கும். ஐப்பசியில் நம் காவிரி டெல்டாவின் களிமண் நாள் கணக்கில் ஈரம் விடாது. பொரித்த குஞ்சுக்கு உடம்பெல்லாம் வெறும் பஞ்சுதான். முழு இறகு கட்ட ஆறு வாரம் ஆகும். நனைந்தது விறைத்துச் சாகும். நனையாமல் தப்பியதை ஈரத்தரையில் பெருகும் இரத்தக் கழிச்சல் கொண்டுபோகும்.

அதனால் டெல்டாவில் அடை வைக்க முதல்தரமான காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. விட்டால் ஆனியில் வைக்கலாம், ஆடி முதல் வாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழைக்குள் குஞ்சு இறகு கட்டும். ஆடி முதல் வாரத்துக்குப் பிறகு அடைக்கு உட்காரும் கோழியை அடையிலிருந்து கலைத்துவிடுவதே நல்லது. அதற்காக மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாத கொடுமை. அடிவயிற்றில் காற்றுப் படுகிற மாதிரி கம்பிவலைத் தளம் போட்ட கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் தெளிந்துவிடும்.

சிறுவிடைப் பெட்டை ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை கிலோ இருக்கும், சேவல் இரண்டு கிலோவை ஒட்டி வரும். கால் மெலிசு, உடம்பு கச்சிதம். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கறுப்பு, செவலை, சாம்பல், புள்ளி எல்லாமே வரும். ஒருநாள் குஞ்சைப் பார்த்து இனம் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம், தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் ஒன்றரை கிலோ வரும் என்று யாராவது விற்றால் அது கலப்பு. சிறுவிடை அந்த வயதில் ஒரு கிலோவைத் தொடாது. ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும், ஒரு ஈட்டுக்கு (தொடர்ந்து இடும் ஒரு சுற்றுக்கு) 12 முதல் 15 முட்டை, வருஷத்துக்கு மூன்று நான்கு ஈடு. முட்டை வியாபாரத்துக்கு இது தோதுப்படாது. இதன் அருமையெல்லாம் அடை காப்பதிலும் குஞ்சைக் கட்டி மேய்ப்பதிலும்தான்.

அடைக்கு முட்டை சேர்ப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெயில் காலத்தில் முட்டையை அடுக்களையில் வைத்தால் அந்தச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துப்போகும். ஒரு மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, அதன்மேல் துணி விரித்து முட்டையை அடுக்கி, நிழலான மூலையில் வையுங்கள். குளிர்காலத்தில் ஏழு நாள் வரை தாங்கும், வெயிலில் நாலு நாளுக்கு மேல் வேண்டாம். அழுக்கு ஒட்டியதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

அடை வைக்கும் கூடைக்கு அடியில் மணல், மேலே வைக்கோல். மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலை மட்டும் தொடாதீர்கள். அதில் படர்ந்த பூஞ்சை குஞ்சின் நுரையீரலில் இறங்கி, பொரித்த சில நாளிலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும். கரித்துண்டு, இரும்பு, வரமிளகாய் போடுவது இடிக்குப் பயந்து வந்த பழக்கம், போட்டாலும் கெடுதல் இல்லை. செல் என்கிற கோழிப்பேன் வராமல் பார்ப்பதுதான் முக்கியம். அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். கூடையை வெயிலில் காயவைத்து, அடியில் நொச்சி இலையோ வேப்பிலையோ பரப்பி வைக்கலாம்.

ஒரு பெட்டைக்கு 10 முதல் 12 முட்டை போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு பற்றாது. கோழியை இருட்டிய பிறகு ஏற்றுங்கள். தினமும் ஒரு தடவை இறங்கித் தின்று, எச்சமிட்டு, சாம்பலில் புரண்டு திரும்ப கால் மணி நேரம் விட வேண்டும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி போல ரத்தநாளம் ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் ஓட்டைக் கொத்தும் குஞ்சுக்கு உதவுகிறேன் என்று ஓட்டை உரிக்காதீர்கள். உள்சவ்வில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பருந்தையும் காக்கையையும் தாய் விரட்டும். கீரிக்கும் மரநாய்க்கும் அது போதாது. குஞ்சைச் சீக்கிரம் பிரித்தால் தாய் மறுபடி சீக்கிரம் முட்டையிடும் என்பது உண்மைதான். ஆனால் சிறுவிடையை வளர்ப்பதே அந்தத் தாய்க்காகத்தானே. பிரித்துவிட்டு பல்புச் சூட்டில், முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து என்று ராத்திரியெல்லாம் காவல் காப்பதற்கு வேறு இனம் வளர்க்கலாம்.

கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், மூங்கில் தப்பையோ பனஞ்சட்டமோ அரை அங்குல இடைவெளியில் அடித்துப் பரண் மாதிரி இருந்தால் எச்சம் கீழே விழும், வெள்ளம் வந்தாலும் தாங்கும். பூவரசிலும் முருங்கையிலும் அடையப் பழக்காதீர்கள். புயல் இரவில் முதலில் போவது அவைதான். குஞ்சு இருக்கும் தரைக்கு இரண்டு அங்குலம் உமி. முதல் இரண்டு நாள் அதன்மேல் காகிதம் விரிக்காவிட்டால் உமியைத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

தீனிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை: குருணை, தவிடு, கருக்காய் நெல், கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. பூசணம் பிடித்த புண்ணாக்கு ஈரலை அரித்துவிடும், மோந்து பார்த்து வாங்குங்கள். கருவாட்டுத்தூள் சேர்ப்பவர்கள் உப்பில்லாததாகப் பார்க்க வேண்டும். உப்புக் கருவாடு தின்ற குஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழிந்து செத்துவிடும். முட்டையிடும் பெட்டைக்கு இடித்த கிளிஞ்சல் தனியாக ஒரு சட்டியில். மேய்ச்சலில் பெரிய ஆபத்து வயல்தான். எலிக்கு மருந்து வைத்த நாளிலும், குருணை வடிவப் பூச்சிமருந்து தூவிய வாரத்திலும் கோழியைத் திறந்துவிடக் கூடாது.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் மருந்தே கிடையாது, தெருவே காலியாகிவிடும். தடுப்பு மருந்துதான் வழி: ஏழாம் நாள் லசோட்டா என்கிற சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 28-ஆம் நாள் மறுபடி, எட்டு வாரம் முடிந்ததும் இறக்கைக்கடியில் தோலில் ஆர்2பி என்கிற தடுப்பூசி அரை மில்லி. எட்டு வாரத்துக்கு முன் ஆர்2பி போட்டால் அந்த மருந்தே குஞ்சை வீழ்த்தும். ஒரு குப்பியில் பல கோழிக்கான மருந்து இருக்கும். திறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், ஐஸில் வைத்தபடி தீர்க்க வேண்டும். ஆகவே தெருவோடு சேர்ந்து போடுவதே புத்தி. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமைத் தவறவிடாதீர்கள். ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கிவிட்டால் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கும். சந்தையில் வாங்கி வந்ததை இரண்டு வாரம் தனியாகக் கட்டிப்போட்ட பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல். வருஷத்துக்கு ஒரு தடவை அடுத்த ஊரிலிருந்து மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒரே ரத்தம் சேர்ந்து கூமுட்டை கூடும், கால்விரல் கோணும். எடைக்கு ஆசைப்பட்டுப் பெருவிடை என்கிற பெரிய இனச் சேவலை விட்டால் இந்தச் சின்னப் பெட்டையின் முதுகு கிழியும், குஞ்சும் சிறுவிடையாக இருக்காது. சேவலை மாற்றியவுடனே முட்டை சேர்க்கவும் கூடாது: பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடிருக்கும். அந்த மூன்று வார முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இடுவதை மண்சட்டியில் வையுங்கள்.