ஐயர் இல்லாத மேடை

இன்று பார்த்த கல்யாண மேடையில் ஹோமகுண்டம் இல்லை, ஐயர் இல்லை. மைக்கைப் பிடித்து இருவரும் உறுதிமொழி சொன்னார்கள், மாலை மாற்றினார்கள். முடிந்தது.

"இது சட்டப்படி செல்லுமா?" பின்வரிசையில் ஒரு பெரியவர்.

தாராளமாகச் செல்லும். இந்து திருமணச் சட்டம், பிரிவு 7ஏ. அண்ணா ஆட்சியில் 1967-ல் வந்த திருத்தம். உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரிகிற மொழியில் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ, ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடவுளே இல்லை என்பவரும் இதற்குச் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருந்தாக வேண்டும்!

ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் 7ஏ உதவாது. பெரும்பாலும் சிறப்புத் திருமணச் சட்டம்தான். 30 நாள் நோட்டீஸ், பெயர் முகவரியோடு அலுவலகத்தில் ஒட்டுவார்கள். காதல் ஜோடிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். கையெழுத்துக்கு முன்னால் வீட்டுக்குத் தகவல் போய்விடும்.