டைமர் நின்றது, சோயா பூத்தது

வெள்ளைப்பூ சோயா பூத்துவிட்டது, ஆறு தொட்டியிலும். வேறு யாராவது என்றால் சந்தோஷப்படுவார்கள். நான் அதைப் பூக்க விடாமல் பிடித்து வைக்கத்தான் நாற்பது நாளாகப் பாடுபட்டேன்.

ஊதாப்பூ ரகம் தாமதமாகப் பூக்கும், வெள்ளை முந்திக்கொள்ளும். இரண்டையும் கலப்புச் செய்ய வேண்டுமென்றால் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும். வெள்ளையைத் தள்ளி விதைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போன வருஷம் அதைத்தான் செய்தேன். கொடைக்கானல் மலையில், எங்கள் பண்ணைக்காட்டில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்கூட வராது. சோயாவுக்கு இரவு நீண்டால்தான் பூ வரும்; இங்கே எப்போது விதைத்தாலும் இந்த ரகம் பூக்க இரவு போதுமான நீளம்தான். சாண் உயரத்திலேயே பூத்து, செடிக்கு ஏழெட்டுப் பூதான் கிடைத்தது. சோயாப் பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே போட்டுக்கொள்ளும். மொட்டிலேயே இடுக்கியால் பிரித்து மகரந்தப் பையை எடுப்பதற்குள் பாதி நசுங்கிவிடும். ஏழெட்டுப் பூவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதனால் இந்த முறை நள்ளிரவு விளக்கு. செடி அளப்பது பகலை அல்ல, இடைவெளியில்லாத இருட்டை. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ஒன்பது வாட் மஞ்சள் பல்பு எரிந்தால் நீண்ட இரவு இரண்டு குட்டை இரவாக உடையும். முதல் மாதம் அருமையாகப் போனது. இலை மேல் இலை, மொட்டே இல்லை.

கோளாறு டைமரில். திருகு வட்டு வைத்த பழைய மாடல், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்படி என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். இருபது நிமிடம், நாற்பது நிமிடம், கம்பி மேல் மரம் விழுந்த அன்று மூன்று மணி நேரம். பூவைப் பார்த்த பிறகுதான் வட்டைப் பார்த்தேன். அதன் நள்ளிரவு நம்முடைய விடியற்காலை நாலே முக்கால்! அதாவது சாயங்காலத்திலிருந்து பத்து மணி நேரத்துக்கு மேல் தொடர் இருட்டு. அதன் பிறகு விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை அப்போதே வத்தலக்குண்டில் பார்த்தேன், விலை கேட்டுவிட்டுக் கஞ்சத்தனத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

விதையிலும் இப்படித்தான் ஏமாந்தேன். பத்து போட்டால் ஆறு முளைத்தது. மழைக்காலம் தாண்டிய பழைய சோயா விதையை இனி வாங்குவதில்லை.

அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் எழுதியதும் இந்தப் பூக்கும் சங்கதிதான், அவர்கள் அதைப் பகல் நீளம் என்று சொன்னார்கள். பிலாக்சி என்ற சோயா ரகத்தை வெவ்வேறு தேதிகளில் விதைத்தும் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகச் செப்டம்பரில் பூத்தன. அவர்கள் செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிச் சோதித்தார்கள், டைமர் தொல்லை இல்லை.

சரி, வெள்ளை இன்னும் சில வாரம் பூக்கும். இனி ஊதாவை அவசரப்படுத்த வேண்டும்: மாலை நாலுக்குச் செடி மேல் டிரம்மைக் கவிழ்த்து, காலை எட்டுக்கு எடுப்பேன். கடைசிப் பூக்களாவது சிக்கும். வெள்ளைதான் தாய். முளைத்த நாற்றின் தண்டு ஊதாவாக இருந்தால் கலப்பு பிடித்தது, பச்சை என்றால் தானே சேர்ந்தது. முந்திப் பூக்கும் குணம் யாருக்குப் போனது என்பது பேரன் தலைமுறையில்தான் பிரிந்து தெரியும், அதற்கு ஐம்பது தொட்டியாவது வேண்டும்.

இப்போதைக்கு டிரம்மின் அடியில் பழைய குழாய் ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளிச்சம் அதில் ஊசி மாதிரி இறங்குகிறது. நாளைக்கு எம்சீல் வாங்கி அடைக்க வேண்டும்.