வட்டி குறைந்தும் கடன் பத்திரம் ஏன் இறங்கியது?

2025 ஜூன் 6, காலை 10 மணி. ரிசர்வ் வங்கியிடம் சந்தையில் பெரும்பாலோர் எதிர்பார்த்தது கால் சதவீதக் குறைப்பு; கிடைத்தது அரை சதவீதம். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ 5.50 சதவீதம் ஆனது. போதாததற்கு, சிஆர்ஆர் செப்டம்பர் முதல் நான்கு தவணைகளில் 4-லிருந்து 3 சதவீதமாகும் என்ற அறிவிப்பும் வந்தது. வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ஒரு பங்கை வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியில் போட்டு வைக்கும் பணம் அது; குறைப்பால் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபடும் என்பது கணக்கு. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி புதிய உச்சம் தொட்டது.

10 ஆண்டு அரசுப் பத்திரம் மட்டும் முரண்டு பிடித்தது. அதன் யீல்டு, அதாவது அன்றைய விலையில் வாங்கினால் கிடைக்கும் வருமான விகிதம், முதலில் இறங்கி, பிறகு ஏறிவிட்டது. ரிசர்வ் வங்கி அறிக்கையில், வட்டி இனி எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் நிலைப்பாடு 'தளர்வு' என்பதிலிருந்து 'நடுநிலை'க்கு மாறியிருந்ததுதான் காரணம். இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்று ஆளுநரும் சொல்லிவிட்டார். பத்திரக்காரர்களுக்கு அடுத்த குறைப்புதான் முக்கியம். வந்துவிட்டது பழைய சரக்கு.

யீல்டு ஏறினால் விலை இறங்கும். எவ்வளவு? யீல்டு ஒரு சதவீதப் புள்ளி மாறினால் விலை எத்தனை சதவீதம் மாறும் என்று சொல்லும் அளவு டியூரேஷன்; 10 ஆண்டுப் பத்திரத்துக்கு அது ஏறக்குறைய 7. யீல்டு 0.10 சதவீதப் புள்ளி ஏறினால் விலை 0.7 சதவீதம் குறையும், அதாவது லட்சத்துக்கு 700 ரூபாய். அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்யும் கில்ட் ஃபண்டில் இது நன்றாகவே தெரியும். மிகக் குறுகிய காலப் பத்திரங்களை வைத்திருக்கும் லிக்விட் ஃபண்டில் உறைக்காது.

அறிவிப்புக்கு ஐந்து நிமிடம் முன், 9:55-க்கு, ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்குவோருக்குத் தனிச் சிக்கல். பதற்றத்தால் அதன் விலையான பிரீமியம் அப்போது உப்பியிருக்கும். அறிவிப்பு வந்ததும் வடியும். திசையைச் சரியாகக் கணித்தவர்களும் நஷ்டப்படுவது இதனால்தான். விலை ஒரு மட்டத்துக்கு இறங்கினால் விற்றுவிடச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருந்தாலும் அந்த நிமிடத்தில் சொன்ன விலையில் விற்கும் என்று நம்ப முடியாது.